பதினேழாவது வளைவில் இருபத்தைந்து

அந்தப் போனைச் சித்தெ இப்படித் திருப்புங்க தம்பி. கார் ரேஸா? வெளையாடுங்க, வெளையாடுங்க, எனக்காக நிறுத்த வேண்டாம். நான் சும்மா எட்டிப் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேன், கோவிச்சுக்காதீங்க. அது அத்தனையும் பொய்.

எது பொய்யின்னா கேக்கறீங்க? இப்பச் செவுத்துல கொண்டுபோய் அடிச்சீங்களே, என்ன ஆச்சு? பந்து மாதிரி எகிறிப்போட்டு மறுபடியும் ரோட்டுலயே ஓடுது. ஒரு லைட்டு ஒடையல. நூத்தி எழுபதுன்னு காட்டுது, நீங்க ஒத்த வெரல்ல தடவறீங்க, வண்டி திரும்புது. காருக்கு எடைன்னு ஒண்ணு வேண்டாமுங்களா? நாலு டயரும் ரோட்டைத் தொடற எடம் மொத்தமே நாலு உள்ளங்கை அளவுதான். அந்த நாலு உள்ளங்கையிலதான் வண்டி, நாம, பின்சீட்டுல பொண்டாட்டி, டிக்கியில அரிசி மூட்டை, எல்லாமே உக்காந்திருக்குது. இதைப் பண்ணினவன் அதை மறந்துபோட்டான்.

வேட்டியும் மஞ்சப்பையுமா ஒரு ஆளு, இவனுக்கு என்ன தெரியும்னு பாக்கறீங்க. நான் கேம் பண்ற கம்பெனியில அட்வைசருங்க. சிரிக்காதீங்க. கோயமுத்தூருல, மாடியில, ஏ.சி. ரூமுல. செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள போகோணும். போன மாசம் வரைக்கும் அட்வைசர். இப்ப என்னன்னு எனக்கே தெரியல.

பேரு குழந்தைவேலு. பொள்ளாச்சி டாக்ஸி ஸ்டாண்டுல இருபத்தெட்டு வருசம். இந்த வால்பாறை ரோட்டுல நாப்பது கொண்டை ஊசியையும் கண்ணைக் கட்டி விட்டாலும் ஓட்டுவேன். இருபத்தெட்டு வருசத்துல ஒரு கீறல் கிடையாது. ஒண்ணே ஒண்ணு உண்டு. அது என் கணக்குல வராது. அது டயரு.

டாக்ஸிக்காரன் ஏன் பஸ்ஸுல போறேன்னுதானே யோசிக்கறீங்க? கேளுங்க, வெக்கம் என்ன. என் வண்டி ஸ்டாண்டுலதான் நிக்குது, டேங்க் நெறைய டீசலோட. முன்னாடி லேடீஸ் சீட்டுல, அரக்குச் சீலை, மடியில தாம்பாளம் வெச்சுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கறா பாருங்க. அவதான் என் சம்சாரம், கருணாம்பிகை. "இந்த மலையில நீங்க ஓட்டற வண்டியில நான் ஏறமாட்டேன்"னு சொல்லிப்போட்டா. டாக்ஸிக்காரன் பொண்டாட்டி வரிசையில நின்னு பஸ் ஏறினா. ஸ்டாண்டே பாத்துது. நான் பூக்கடைப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன்.

செக்போஸ்ட் தாண்டியாச்சு. இனி ஏத்தந்தான். ஒண்ணாவது வளைவு வந்துருச்சு, கம்பியைப் புடிச்சுக்குங்க.

எம்பொண்ணு பிருந்தாவுக்கு வைகாசி பதினொண்ணு கல்யாணம். தாய்மாமனுக்குப் பத்திரிகை வெக்கத்தான் போயிட்டிருக்கறோம். வால்பாறையில எஸ்டேட்ல ஸ்டோர் கீப்பர், நாச்சிமுத்துன்னு பேரு, கருணாவுக்கு நேர் மூத்த அண்ணன். தாய்மாமன் வராம எங்க பக்கம் பொண்ணை மணவறையில உக்கார வெக்க முடியுமுங்களா? மாலையை அவருதான் எடுத்துக் குடுக்கோணும், கையைப் புடிச்சு அவருதான் கூட்டிட்டு வரோணும். அவரு வரமாட்டேங்கறாரு. ஏழு வருசமா எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்லீங்க.

ஒரேயடியா மாட்டேன்னும் சொல்லல. சொந்தக்காரரு ஒருத்தருகிட்ட சொல்லிவிட்டிருக்கறாரு. "டயர் நல்ல டயர்தான்னு மாப்ள என் மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லட்டும். மண்டபத்துக்கு மொத ஆளா வந்து நிக்கறேன்." ஒரே ஒரு வார்த்தை. கேக்கச் சின்னதாத்தான் இருக்கும். சொல்லிப் பாத்தாத்தான் தெரியும்.

ஏழு வருசத்துக்கு முன்னாடி மச்சான் புதுசா ஒரு பழைய கார் வாங்கினாரு. பொள்ளாச்சியில ஒரு புதுவீட்டு விசேசம். மேல இருந்து அவரு, நான், கருணா மூணு பேரும் எறங்கி வந்துட்டிருக்கறோம். நான் இருக்கறப்ப இன்னொருத்தன் ஸ்டீரிங் புடிக்கறதா? நாந்தான் ஓட்டினேன். இருபதாவது வளைவுக்கிட்ட ஒரு ஜீப்பு எங்களை ஓவர்டேக் பண்ணிட்டுப் போச்சு. காலேஜ் பசங்க, ஊளை போட்டுக்கிட்டுப் போனானுங்க. மச்சான் சிரிச்சாரு. "ஏனுங் மாப்ள, டாக்ஸி ஓட்டி ஓட்டி கை மரத்துப்போச்சுங்களா?"ன்னாரு. அவ்வளவுதான். தமாசுக்குச் சொன்னாரு. நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கற ஆளே இல்ல. அவரு என்ன சொன்னாருன்னுகூட எனக்கு இப்ப ஞாபகம் இல்ல.

ஜீப்பை நான் தொரத்தலீங்க. அது முன்னாடி போகுது, எனக்கும் போறதுக்கு வேற ரோடு இல்ல. பதினேழாவது கொண்டை ஊசி. இருபத்தஞ்சுலதான் வர்றேன். ஸ்டீரிங்கைத் திருப்பறேன், வண்டி திரும்பல. நேராப் போயி கைப்பிடிச் சுவத்துல ஒரே இடி. முன்சக்கரம் ஒண்ணு அந்தரத்துல நிக்குது. கீழ பாத்தா ஆழியார் டேமு தண்ணி. கருணாவுக்கு ஒண்ணும் ஆகல. மச்சானுக்குத் தோள்பட்டை எலும்பு போச்சு, ஒரே ஒரு எலும்புதான். எனக்கு ஒதட்டுல ரெண்டு தையல். அதை எவனும் கேக்கறதில்ல.

கூட்டம் கூடிருச்சு. "என்னங்க டிரைவர், என்ன ஆச்சு?"ன்னு ஒருத்தன் கேட்டான். டிரைவர்னு வேற சொல்றான் பாருங்க. என் வாயில வந்துருச்சு. "டயரு. ரீட்ரெட் டயர் போட்டு வெச்சிருக்கறாரு இந்த மனுசன்." தேஞ்ச டயருக்கு மேல புது ரப்பரை ஒட்டி ஓட்டறது உங்களுக்குத் தெரியுமில்ல. பின்னாடி ஒரு டயர் ரீட்ரெட்டுதான், அது நெசம். அதைக் காலையில நாந்தான் பாத்தேன். பாத்துப்போட்டு நல்லாத்தான் இருக்குதுன்னும் நாந்தான் சொன்னேன். அது வேற விசயம்.

அந்தப் பேச்சு மச்சானுக்கு முன்னாடி வால்பாறை போயிச் சேந்துருச்சு. எஸ்டேட்ல நாலு நாச்சிமுத்து உண்டு. அடையாளத்துக்கு இவரை "ரீட்ரெட் நாச்சிமுத்து"ன்னு ஆக்கிப்போட்டாங்க. ஏழு வருசமா அதுதான் பேரு. போன வருசம் கோயில் நோட்டீசுலகூட அப்படியே அச்சடிச்சுட்டாங்களாம். எலும்பு கூடிருச்சு, பேரு ஒட்டிக்கிச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன், பேரு வெச்சது நானா?

இது ஒம்போதாவது வளைவு. எல்லாரும் எறங்கிப் போட்டோ எடுக்கற எடம். டேமு தெரியுதுங்களா? ம்.

இனிதான் ப்ரபா வர்றா. போன ஐப்பசியில ஒரு அம்மணி ஸ்டாண்டுக்கு வந்து, "அண்ணா, உங்க வண்டியில நாலு பக்கமும் கேமரா கட்டணும், வால்பாறை ரோடு பூரா படம் எடுக்கணும்"னு கேட்டுது. ரம்யப்ரபான்னு பேரு, ஆட்டோமொபைல் இஞ்சினியரிங் படிச்ச புள்ளை. கூட கண்ணாடி போட்ட டென்னிஸ்னு ஒருத்தன், கணக்குப் புலி. இந்த நாப்பது வளைவையும் அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுபோயி கேம் பண்றாங்களாம். "மத்த கேம் மாதிரி பொம்மை வண்டி இல்லண்ணா, நிஜ வண்டி எப்படி நடந்துக்குமோ அப்படியே நடந்துக்கணும்"னா. எனக்குப் புடிச்சுப் போச்சு. வண்டி ஓட்டிக்கிட்டே வழி நெடுக நான் பேசினதை டென்னிஸ் எழுதிக்கிட்டே வந்தான். என் பேச்சை எழுதி வெச்ச மொத ஆளு அவந்தான். என் வீட்டுல டி.வி. சத்தத்தைக்கூட குறைக்க மாட்டாங்க.

அப்புறம் கோயமுத்தூருக்குக் கூப்பிட்டாங்க. மாடியில போயிப் பாத்தா ஒரு இரும்பு ஆங்கிள் சட்டம். அதுல கார் சீட்டு ஒண்ணு, ஸ்டீரிங், மூணு பெடல், கியர். முன்னாடி மூணு டி.வி. சக்கரம் இல்ல, இஞ்சின் இல்ல, கதவு இல்ல. நான் பழக்கதோசத்துல கதவைச் சாத்தக் கையை நீட்டினேன், டென்னிஸ் சிரிச்சுப்போட்டான். ஆனா அந்த ஸ்டீரிங்குக்கு உள்ள ஒரு மோட்டார் இருக்குதுங்க. நிஜ வண்டி மாதிரியே கையை இழுக்கும், ஒதறும். ரோட்டுல பள்ளம் வந்தா மணிக்கட்டுல தெரியும். எனக்கு ஒரு நிமிசம் மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு.

மொத நாளே நான் பதினாலு தப்பு சொன்னேன். பிரேக் அடிச்சா வண்டி மூக்கைக் குத்தோணும், இது குத்த மாட்டேங்குது. எறக்கத்துல ரெண்டாவது கியர்ல விட்டா இஞ்சினே புடிச்சு நிறுத்தோணும், இது சைக்கிள் மாதிரி ஓடுது. வளைவு முடிஞ்சா ஸ்டீரிங் நம்ம கைக்குள்ளயே தானா திரும்பி வரோணும், இது அங்கயே நிக்குது. முக்கியமா ஒண்ணு சொன்னேன். டயர் புடியை விடறதுக்கு முன்னாடி ஸ்டீரிங் லேசாயிரும் அம்மணி. திடீர்னு எடையே இல்லாம, தண்ணிக்குள்ள கையை உட்ட மாதிரி. அது வந்துருச்சுன்னா வண்டி உன்னுது இல்ல. ப்ரபா வாயைப் பொளந்துட்டு நின்னா. "அண்ணா, இதைப் புஸ்தகத்துல பத்துப் பக்கத்துக்கு எழுதியிருக்கான்"னா. எழுதினவன் பஸ்ஸுல போற ஆளா இருப்பான்னேன்.

ஹாரன் வெக்கச் சொன்னதும் நாந்தான். ஹாரன் அடிக்காமக் கொண்டை ஊசி திரும்பறவன் டிரைவரா? ரோட்டோரம் குரங்கு நாலு வெக்கச் சொன்னதும் நாந்தான். வெச்சாங்க. நல்ல புள்ளைங்க.

எல்லா வளைவும் சரியா வந்துருச்சுங்க. முப்பத்தொம்போது வளைவு அச்சு அசலா அப்படியே. பதினேழுதான் வரல.

எறங்கி வர்றேன், இருபத்தஞ்சுல, பதினேழுல திருப்பறேன், வண்டி சொன்ன பேச்சு கேக்கற மாதிரி அழகாத் திரும்பிருச்சு. நான் சொன்னேன், "ப்ரபா, இது தப்பு. இங்க வண்டி வழுக்கோணும்." அவ கேட்டா, "எதுக்குண்ணா?" "எனக்குத் தெரியும். இருபத்தஞ்சுல இங்க வண்டி சுவத்துக்குப் போகும்." டென்னிஸ் கம்ப்யூட்டர்ல என்னத்தையோ தட்டினான். "அண்ணா, தேஞ்ச டயரைப் போட்டுட்டேன், இப்ப ஓட்டுங்க." ஓட்டினேன், திரும்பிருச்சு. "மழையைப் போட்டுட்டேன்." திரும்பிருச்சு. "மழையோட மொட்டை டயர்." அதுவும் கிரீச்சுன்னுட்டு திரும்பிருச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஊரு பூரா ஏழு வருசமாச் சொன்னதை ஒரு பொட்டி இல்லேங்குது பாருங்க. என்ன தைரியம்!

"அப்படின்னா உங்க கணக்கு தப்பு, மாத்துங்க"ன்னேன். அவங்களும் பாவம், அட்வைசர் சொல்றாரேன்னு புடிப்பைக் கொறைச்சுக்கிட்டே வந்தாங்க. பாதியாக்கினாங்க, கால்வாசியாக்கினாங்க. கால்வாசிக்கு வந்ததும் இருபத்தஞ்சுல வண்டி நேரா சுவத்துக்குப் போச்சு. "பாத்தீங்களா! இதுதான் நெசம்!"னு கையைத் தட்டினேன். கீழ பேக்கரியில இருந்து எல்லாருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக் குடுத்தேன். டென்னிஸ் பப்ஸைத் தின்னுக்கிட்டே, "அண்ணா, இது டயர் இல்ல, சோப்பு"ன்னான். அவனுக்கு அனுபவம் பத்தாது.

அப்புறம் அதை நாப்பது அம்பது பேருக்கு வெளையாடிப் பாக்கக் குடுத்தாங்க. ஒருத்தனும் மூணாவது வளைவைத் தாண்டல. ஏத்தத்துல நிறுத்தினா சக்கரம் சும்மா சுத்துது. ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தின வண்டி தானாப் பின்னாடி வழுக்கி டேமுக்குப் போகுது. குரங்கு ரோட்டுல நிக்குது, வண்டி நிக்க மாட்டேங்குது. ஒருத்தன் எழுதியிருக்கறான், "இந்த ரோட்டுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினது யாரு?"ன்னு. ப்ரபா அதை எனக்குப் படிச்சுக் காட்டல. டென்னிஸ்தான் படிச்சுக் காட்டினான்.

ப்ரபா ரொம்பப் பதவிசாத்தான் கேட்டா. "அண்ணா, முப்பத்தொம்போது வளைவுல நீங்க சொன்ன அத்தனையும் எங்க கணக்கோட ஒத்துப்போச்சு. ஒண்ணுல மட்டும் ஒதைக்குது. ஒருவேளை ஸ்பீடு இருபத்தஞ்சு இல்லாம..." முடிக்கறதுக்குள்ள எந்திரிச்சுட்டேன். செருப்பைக்கூட மாத்திப் போட்டுட்டு வந்துட்டேன், டென்னிஸோட செருப்பு. ரெண்டு சைஸ் சின்னது.

பன்னெண்டாவது வளைவு. டிரைவர் நல்லாத்தான் ஓட்டறாரு. வளைவுல ஸ்டீரிங்கைக் கொஞ்சம் கட்டையா வெட்டறாரு, அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழிச்சு ப்ரபாவே கூப்பிட்டா. "பழைய கணக்கையே வெச்சுட்டோம்ணா, கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை அக்காவையும் கூட்டிட்டு வாங்க, சாப்பாடு இங்கதான்"னா. செருப்பையும் திருப்பிக் குடுக்கோணுமே, போனேன். கருணா அந்தச் சட்டத்தைச் சுத்திச் சுத்தி வந்தா. "அக்கா, ஒரு தடவை ஓட்டிப் பாருங்க"ன்னு ப்ரபா உக்கார வெச்சுட்டா. எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. கருணா தையல் மிசினைத் தவிர எதையும் மிதிச்சது கிடையாது.

எறக்கத்துல விட்டாங்க. வளையல் கலகலங்குது, நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஓட்டறா. தையல் மிசின் மிதிச்ச காலுங்க, பெடலை அவ்வளவு பதமா அமுக்கறா. பதினேழு வந்துது. இருபத்தஞ்சு காட்டுது. திருப்பினா, திரும்பிருச்சு. "திரும்பிருச்சே"ன்னா. அப்புறம் ப்ரபாவைப் பாத்து, "அம்மணி, இதையே மறுபடி ஒருக்கா விடு. முள்ளு நாப்பத்தெட்டுக்கு வரோணும்னா எவ்வளவு மிதிக்கோணும்?"னு கேட்டா.

நாப்பத்தெட்டு. வண்டி இடிச்ச அன்னிக்கு அவ பின்சீட்டுல நட்ட நடுவுல உக்காந்திருந்தா. எங்க ரெண்டு பேரு தோளுக்கு நடுவுல முள்ளு அவளுக்கும் தெரிஞ்சிருக்குது.

மிதிச்சா. முள்ளு நாப்பத்தெட்டுல நின்னுது. பதினேழுல திருப்பினா, வண்டி திரும்பல. நேரா சுவத்துல அடிச்சு, முன்சக்கரம் ஒண்ணு அந்தரத்துல. டி.வி.யில கீழ டேமு தண்ணி. அவ ஸ்டீரிங்கை விட்டுப்போட்டு ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டா. "இங்கதான்"னா.

நான் விடுவேனா? "அந்தக் காருக்கு ஸ்பீடாமீட்டரே கோளாறு. இருபத்தஞ்சுல போனா நாப்பத்தெட்டுன்னு காட்டும்"னேன். டென்னிஸ் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான், தோளு குலுங்குது. கருணா சிரிக்கல. என்னைப் பாத்தா. "ஏனுங்க, நாலு பேரு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லிட்டீங்க. அதை நான் எப்படி இல்லேன்னு சொல்லுவேன்னு வாயை மூடிட்டு இருந்தேன். ஏழு வருசம் எங்கண்ணன் பொங்கச்சீர் கொண்டு வரல. ஏழு பொங்கலுக்கும் நான் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்களுக்குத் தெரியாது, நீங்க சவாரி போயிருவீங்க. எம்பொண்ணு கல்யாணத்துக்கும் வாசலைப் பாத்துக்கிட்டு உக்கார என்னால முடியாது"ன்னா. அழுகையெல்லாம் இல்ல. கணக்கு ஒப்பிக்கற மாதிரி சொன்னா. அதுதான் எனக்குத் தாங்கல.

அந்த வாரமே கெளம்பச் சொல்லிப்போட்டா. பஸ்ஸுல. "அண்ணன் வாசல்ல நின்னு அந்த ஒரு வார்த்தையை நீங்க சொல்லோணும். சொல்லலீன்னா நான் அங்கயே இருந்துக்கறேன், நீங்க எறங்கிப் போங்க"ன்னா. இப்பச் சொல்லுங்க தம்பி, தப்பு யாரு மேல? கேம் பண்ணினவங்க மேலதானே? ஒரு வெளையாட்டை வெளையாட்டாப் பண்றதை விட்டுப்போட்டு இவ்வளவு நெசமா எதுக்குப் பண்ணோணும்? நீங்க வெளையாடற மாதிரி பந்து கணக்கா எகிறிக்கிட்டு இருந்திருந்தா ஒரு குடும்பம் நிம்மதியா இருந்திருக்குமில்ல?

நான் ஒரு வழி யோசிச்சு வெச்சிருக்கறேன். "மச்சான், டயர் மேலயும் தப்பில்ல, ஸ்பீடாமீட்டர் மேலதான் தப்பு"ன்னு சொல்லிரலாம்னு. ஏன், ஒத்து வராதுங்களா? மீட்டரும் அவரு காருதாங்கறீங்களா? அட, அது எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

பஸ் ஏன் நிக்குது? மேல இருந்து லாரி வருதாட்ட இருக்குது, வழி விட்டு நிக்கறாரு. முறைப்படி பாத்தா ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி விடோணும், ஆனா லாரிக்காரன் எங்க கேக்கறான். இஞ்சினையே அணைச்சுட்டாரு. போர்டைப் பாருங்க. என்ன போட்டிருக்குது? எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியல. சரி, தெரியுது. பதினேழு.

அந்தச் சுவத்தைப் பாருங்க. மேல புதுசாப் பூசின எடம் வேற நெறமா இருக்குதில்ல? அந்த உண்ணிச்செடிப் பொதருக்குப் பக்கத்துல. அதான்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன் தம்பி. எறங்கிப் போயிருவீங்க, மறுபடி பாக்கப் போறதில்ல. கருணா ஓட்டினதுக்கு மூணு வாரம் முந்தியே ஒரு நாள், ப்ரபாவும் டென்னிஸும் சாப்பிடப் போன நேரத்துல, நான் அந்தச் சட்டத்துல தனியா உக்காந்து பதினேழை ஓட்டிப் பாத்தேன். நாப்பத்தெட்டுல ஓட்டினேன். அஞ்சு தடவை. அஞ்சு தடவையும் திரும்பிருச்சு. கருணாவுக்கு வளைவுல ஸ்டீரிங்கை வெட்டத் தெரியாது, அதனால அவளுக்குப் போச்சு. நான் நாப்பத்தெட்டுல விடுவனா? இருபத்தெட்டு வருச சர்வீசுங்க! நாப்பத்தெட்டுல இந்த வளைவை விட்டா நான் டிரைவரா? அவ பின்னாடி இருந்து சாய்வாப் பாத்தா, முள்ளு கம்மியாத்தான் தெரியும். நேராப் பாத்தவன் நான். அம்பத்திரண்டு!

அம்பத்திரண்டுல ஆறாவது தடவை ஓட்டினேன். ஸ்டீரிங் லேசாச்சு தம்பி. இதே எடத்துல. அதே லேசு. ஏழு வருசமா ராத்திரியில கையில வந்து நிக்குதே, அதே லேசு. பொட்டிக்குள்ள இருந்து வருது. பயந்து போயிட்டேன். மச்சான் அன்னிக்கு "மாப்ள"ன்னு ஒரு கத்து கத்தினாரு, அது மட்டுந்தான் அதுல இல்ல. எந்திரிச்சுப் போயி மூஞ்சியைக் கழுவிப்போட்டு வந்து, அவங்க வந்ததும், "உங்க கணக்கு தப்பு"ன்னு சண்டை போட்டேன்.

ரீட்ரெட்டோ கீட்ரெட்டோ, டயர் நல்ல டயர்தாங்க! அம்பத்திரண்டுல அவ்வளவு தூரம் புடிச்சு நின்னதே பெருசு! அது புடிக்கலீன்னா சுவத்தோட நின்னிருக்க மாட்டோம், மூணு பேரும் தண்ணிக்குள்ள...

என்னங்க? ஏன் எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க?

கத்திட்டனா? இஞ்சின் ஓடலீங்கறதை மறந்துட்டேன். அய்யய்யோ. கண்டக்டர்கூடப் பாக்கறாரு. கருணாவைப் பாருங்க, கேட்டுட்டாளா? எனக்கு முதுகுதான் தெரியுது. முந்தானையை எடுத்துக் கண்ணைத் தொடைக்கறாளா? இல்ல, திரும்பிட்டா. பாக்கறா. நான் எங்கயும் பாக்கல தம்பி, உங்க போனைத்தான் பாக்கறேன், நீங்க வெளையாடுங்க.

என்னது அது, கைக்குக் கை மாறி வருது? தாம்பாளமா? "உங்க வீட்டுக்காரம்மா மடியில வெச்சுக்கச் சொன்னாங்க"ளா? சரி, குடுங்க. சித்தெ புடிங்க தம்பி, வெத்தலை விழுந்துரப் போகுது. பழம், பாக்கு, பத்திரிகை, தேங்கா. ரெண்டு கையும் போயிருச்சு, கம்பியைப் புடிக்க வழியில்ல. இதை நாந்தான் குடுக்கோணுமாட்ட இருக்குது. சரி. குடுக்கறேன்.

லாரி போயிருச்சு. பஸ் எடுத்துட்டாரு. திரும்பறாரு பாருங்க, பதினேழு. என்ன ஸ்பீடு இருக்கும்னு நெனைக்கறீங்க? மிஞ்சி மிஞ்சிப் போனா இருபத்தஞ்சு. தாம்பாளத்தைப் பாத்தீங்களா? தேங்காகூட அசையல.

இருபத்தஞ்சுல எந்த வண்டிங்க சுவத்துக்குப் போகும்?